பெல்டியர் தகட்டுக்குள் டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் இருக்கிறதாமே, நிஜமா?

கெடிலக்கரை | செவ்வாய், இரவு 9:14

திருப்பாதிரிப்புலியூரில் ஃப்ரிட்ஜ், ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நேற்று ஒரு குட்டித் தண்ணீர் கூலர் வந்தது. கம்ப்ரசர் கிடையாது, பெல்டியர் தகடு வைத்தது (கரண்ட் விட்டால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும்). மேலே 12706 என்று அச்சடித்த, நாலு சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பீங்கான். தகடு செத்திருந்தது, புதிது போட்டுக் கொடுத்தாயிற்று.

பழையதைக் குப்பையில் போடப் போனபோது அக்கா பையன் பிடுங்கிக்கொண்டான். பிஎஸ்சி இயற்பியல், இரண்டாம் வருஷம். "மாமா, இதுக்குள்ள இருக்கிறது பிஸ்மத் டெல்லுரைடு. டோபாலஜிக்கல் இன்சுலேட்டர். உள்ள கரண்ட் போகாது, மேல்தோல்ல மட்டும் போகும். தடையே இல்லாம போகும்" என்றான். ஒரு ஓட்டைச் சாமானுக்கு இவ்வளவு பெருமையா என்று சிரித்துவிட்டேன்.

ராத்திரி கடையைச் சாத்திவிட்டு மனசு கேட்காமல் பிளேடு வைத்து இரண்டு பீங்கானையும் நெம்பிப் பிரித்தேன். உள்ளே வரிசை வரிசையாகக் குட்டிக் கட்டைகள். எண்ணினேன், 254. ஒன்றைக் கழற்றி ஊசி முனையால் தொட்டால் ஈய நிறத்தில் பளபளவென்று செதில் செதிலாக உரிகிறது. இஸ்திரிப் பெட்டிக்குள் வைக்கிற காக்காப்பொன் தகடு உரியுமே, அதே மாதிரி. முப்பது வருஷமாகச் செம்பும் அலுமினியமும் கையில் புழங்குகிறது, உலோகம் மாதிரி மின்னுகிற ஒன்று இப்படி உரிந்து பார்த்ததில்லை.

பையன் சொன்னது நிஜமா, கல்லூரிப் பெருமையா?


சுண்ணாம்பாறு | செவ்வாய், இரவு 9:52

பிரித்துப் பார்த்ததற்கு முதலில் ஒரு சபாஷ். 12706-ல் 127 என்பது ஜோடிக் கணக்கு, 06 என்பது ஆறு ஆம்பியர். 127 ஜோடிக்கு 254 கட்டை. எண்ணியது சரி.

மருமகன் சொன்னதில் கடைசி வரி தப்பு. மேல்தோலில் கரண்ட் போவது ஒரு சங்கதி, தடையே இல்லாமல் போவது வேறு சங்கதி. இரண்டாவதற்குத்தான் மீக்கடத்தல் என்று பெயர். இரண்டும் ஒரே படிகத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பதினைந்து வருஷமாக ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செதிலாக உரிவதற்குக் காரணம் எளிது. டெல்லூரியம், பிஸ்மத், டெல்லூரியம், பிஸ்மத், டெல்லூரியம் என்று ஐந்து தளம் இறுகப் பிணைந்து ஒரு கட்டு. கனம் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். கட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் இருப்பது வான் டெர் வால்ஸ் விசை, வெறும் ஒட்டுதல். உங்கள் ஊசி இறங்கியது அங்கேதான்.


பழைய_டவுன் | செவ்வாய், இரவு 10:20

சார், டோபாலஜி என்றால் ஓட்டையை எண்ணுகிற அந்த வடைக் கதைதானே? 2016-ல் இயற்பியல் நோபல் அறிவிக்கும்போது ஒருத்தர் பையிலிருந்து பன், நடுவில் ஓட்டை போட்ட ரொட்டி எல்லாம் எடுத்துக் காட்டினாரே. இட்லிக்கு ஓட்டை பூஜ்யம், மெதுவடைக்கு ஒன்று, அரை ஓட்டை என்று ஒன்று கிடையாது. சரி, ஃப்ரிட்ஜ் தகட்டில் ஓட்டை எங்கே இருக்கிறது?


அடுக்குமல்லி | செவ்வாய், இரவு 11:05

பழைய டவுன் அண்ணா, இதே கேள்வியை முதல் வாரம் என் கைடிடம் கேட்டு முழித்தவள் நான். (சொந்த ஊர் கடலூர் முதுநகர். இப்போது புதுச்சேரிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இந்தப் படிகங்களைத்தான் வளர்க்கிறேன்.)

ஓட்டை படிகத்தில் இல்லை. எலக்ட்ரானை அலையாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உந்தம் மாற மாற அலையின் உருவமும் திரும்பிக்கொண்டே போகும், ஒரு முழுச் சுற்று போய்த் தொடங்கிய இடத்துக்கே வரும். வரும்போது நடுவில் முறுக்கு விழுந்திருக்கிறதா இல்லையா, அதுதான் கணக்கு.

பூ கட்டுகிற நாரை எடுங்கள். இரண்டு முனையையும் சேர்த்து முடிந்தால் ஒரு வளையம். முடிவதற்கு முன் ஒரு தடவை முறுக்கிவிட்டால் அந்த முறுக்கு உள்ளேயே நிற்கும். வளையத்தை இழுக்கலாம், நசுக்கலாம், முறுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. போக்க வேண்டுமானால் நாரை அறுக்க வேண்டும். படிகத்தில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள் பட்டை பட்டையாக இருக்கும். நாரை அறுப்பது என்றால் கடத்து பட்டைக்கும் இணைதிறன் பட்டைக்கும் நடுவில் உள்ள ஆற்றல் இடைவெளியை மூடுவது.

பிஸ்மத் டெல்லுரைடுக்குள் முறுக்கு இருக்கிறது. வெளியே காற்றுக்கு முறுக்கு கிடையாது. இரண்டும் சந்திக்கிற எல்லையில் நார் அறுந்தே தீர வேண்டும், அதாவது இடைவெளி மூட வேண்டும். இடைவெளி மூடினால் அது உலோகம். மேல்தோல் கடத்துவது இதனால்தான். ஒரு செதிலை உரித்தாலும் புதிதாக வெளிவந்த முகம் உடனே உலோகமாகிவிடும், பூச்சு மாதிரி சுரண்டி எடுக்க முடியாது.

பிஸ்மத்துக்கு ஏன் முறுக்கு விழுகிறது? அணு எண் 83, கனமான அணுக்கரு. அதைச் சுற்றும் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் (ஸ்பின்) அது ஓடுகிற பாதையும் பலமாகப் பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னலில் மேலே இருக்க வேண்டிய பட்டை கீழேயும், கீழே இருக்க வேண்டியது மேலேயும் மாறிவிடுகிறது. கனமான அணுவும் குறுகிய இடைவெளியும் இருப்பதால்தான் பெல்டியர் வேலைக்கும் இது பொருத்தம், கரண்ட் நன்றாகப் போகும், சூடு எளிதில் போகாது. 1954-லேயே இதை வைத்துக் குளிரூட்டிக் காட்டிவிட்டார்கள். மேல்தோல் ரகசியம் தெரிந்தது 2009-ல். ஐம்பத்தைந்து வருஷம் கையில் வைத்துக்கொண்டே தெரியாமல் இருந்திருக்கிறோம்.

ஆனால் அண்ணே, உங்கள் தகட்டில் அந்த மேல்தோலைத் தேடாதீர்கள். ஒரு வகைக் கட்டையில் ஆன்டிமனி, இன்னொன்றில் செலினியம் என்று கலந்து, உள்ளேயே ஏராளமாகக் கரண்ட் போகிற மாதிரி செய்திருப்பார்கள். மேல்தோலின் பங்கு கடலில் கரைத்த பெருங்காயம்.


கெடிலக்கரை | புதன், காலை 7:10

நார் முறுக்கு நன்றாகப் புரிந்தது. வீட்டம்மாவிடம் சொன்னேன், "அதுக்குத்தான் நாரை நனைச்சுக் கட்டணும்" என்றாள். அது வேறு பிரச்சினை.

மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் இந்த இழையை அனுப்பிவிட்டேன். பதில் இல்லை.


பழைய_டவுன் | புதன், காலை 8:31

பதில் வராது. மாமன் முன்னால் தோற்ற பையன் பரீட்சை முடிந்துதான் வருவான்.


சுண்ணாம்பாறு | புதன், காலை 9:05

மேல்தோலில் என்ன விசேஷம் என்பதற்கு நான் வகுப்பில் சொல்கிற உதாரணம் பாடலீஸ்வரர் கோயில் தேர். நாலு மாட வீதியும் வலமாகச் சுற்றும். நடுவில் இருக்கிற வீடுகளுக்குள் நுழையாது. வழியில் பள்ளம் இருந்தாலும் கட்டை போட்டு ஒதுக்கிப் போகுமே தவிர, வந்த வழியே திரும்பாது. விளிம்பில் ஓடும் எலக்ட்ரானும் அப்படித்தான்.


அடுக்குமல்லி | புதன், மதியம் 1:40

சார், அழகான உதாரணம். ஆனால் ஒரே தேர் ஓடினால் அது 1980-ல் கண்டுபிடித்த குவாண்டம் ஹால் விளைவு. அதற்குப் பெரிய காந்தப்புலம் வேண்டும். இங்கே காந்தமே கிடையாது. அதனால் இரண்டு தேர் விட வேண்டும். தற்சுழற்சி மேல்நோக்கியவை ஏறுகிற தேர் வலமாக, கீழ்நோக்கியவை ஏறுகிற தேர் இடமாக. ஒருத்தன் திரும்பிப் போக வேண்டுமானால் இந்தத் தேரிலிருந்து இறங்கி அந்தத் தேரில் ஏற வேண்டும், அதற்குத் தற்சுழற்சியையே புரட்ட வேண்டும். சாதாரண அழுக்கு, விரிசலால் அது முடியாது, காந்த அணு வந்தால்தான் முடியும். 2007-ல் மெர்க்குரி டெல்லுரைடு மெல்லிய படலத்தில் இதை அளந்தார்கள்.

இன்னொன்று. அது தட்டையான படலத்தின் விளிம்புக்கு. பிஸ்மத் செலினைடு மாதிரி முப்பரிமாணக் கட்டிக்கு விளிம்புக்குப் பதில் முழு முகமும் வீதி. நேர் எதிரே திரும்புவதுதான் தடை, சாய்ந்து சிதறுவதற்குத் தடை இல்லை. அதனால் மின்தடை இருக்கத்தான் செய்யும். பையனின் கடைசி வரி தப்பு என்று சார் சொன்னது இதனால்தான்.


சுண்ணாம்பாறு | புதன், மதியம் 2:02

ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருஷமாக ஒரே தேரை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.


வெள்ளிக்கடற்கரை | புதன், இரவு 8:17

மீக்கடத்தி என்று பார்த்ததும் வந்தேன். ஸ்கேன் மையத்தில் எம்ஆர்ஐ டெக்னீஷியன். எங்கள் காந்தத்துக்குள் நயோபியம் டைட்டானியம் கம்பிச் சுருள், திரவ ஹீலியத்தில் 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரியில், மூழ்கிக் கிடக்கிறது. ஒரு தடவை கரண்ட் ஏற்றிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினாலும் வருஷக்கணக்கில் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். ஆட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

என் கேள்வி: இந்த அடுக்குப் படிகங்களில் ஹீலியம் வேண்டாத ஒன்று இருக்கிறதா?


கெடிலக்கரை | புதன், இரவு 8:40

அதையே நானும் கேட்க நினைத்தேன். எங்கள் தெருவில் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கு உறைவிந்துக் குச்சி போட்டுவைக்கிற நைட்ரஜன் கேன் இருக்கிறது. மூடியைத் திறந்தால் புகை வரும். அந்தக் குளிர் போதாதா?


அடுக்குமல்லி | புதன், இரவு 9:33

போதும்! எல்லாவற்றுக்கும் இல்லை, செம்பு ஆக்சைடுகளுக்கு மட்டும். அந்தக் கேனுக்குள் 77 கெல்வின், அதாவது மைனஸ் 196 டிகிரி. 1986-ல் பெட்நோர்ஸும் முல்லரும் 35 கெல்வின் பக்கம் முதல் செம்பு ஆக்சைடைக் கண்டார்கள், அடுத்த வருஷமே இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு 93 கெல்வின். ஒரு வில்லையை நூலில் கட்டி அந்தக் கேனில் இறக்கினால் வேலை செய்யும். மருத்துவர் திட்டுவார், அது வேறு.

இவையும் அடுக்குப் படிகங்கள்தான், செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த தளங்கள்தான் உயிர்நாடி. அதிலும் பிஸ்மத் கலந்த ஒரு வகை உண்டு, டேப்பில் உரியும். 2019-ல் அதை ஒரே அடுக்காக உரித்து எடுத்தும் மீக்கடத்தல் கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில் நின்றது. எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை.


சுண்ணாம்பாறு | புதன், இரவு 10:11

இந்த இடத்தில் நம் ஆள் ஒருவரைச் சொல்லாமல் போனால் குறை. 1987-ல், செம்பு ஆக்சைடு வந்த சூட்டோடு, ஆண்டர்சனுடனும் ஜூவுடனும் சேர்ந்து எலக்ட்ரான் ஜோடிகள் அங்கே எப்படி உருவாகலாம் என்று ஒரு கோட்பாடு எழுதியவர் ஜி. பாஸ்கரன். பிறகு தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்தார். கிராஃபீன் (கிராஃபைட்டின் ஒரே அடுக்கு) புகழ் பெறுவதற்கு முன்பே, 2002-ல், கிராஃபைட் அடுக்கில் மீக்கடத்தல் பற்றி எழுதியதும் அவர்தான்.

பிஸ்மத் தனியாகவே மீக்கடத்தி என்பதும் நம் நாட்டுக் கண்டுபிடிப்பு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அளந்தார்கள், 0.53 மில்லிகெல்வின். மில்லி என்பதைக் கவனியுங்கள்.


வழிப்போக்கன்77 | வியாழன், காலை 6:58

எதற்கு இவ்வளவு குளிர்? எல்கே-99 அறை வெப்பநிலையிலேயே மிதந்தது. வீடியோ இருக்கிறது. பெரிய கம்பெனிகள் அமுக்கிவிட்டன. இதை நம்பிப் பங்கு வாங்கச் சொல்லி எங்கள் குரூப்பில் தினமும் மெசேஜ் வருகிறது.


வெள்ளிக்கடற்கரை | வியாழன், காலை 7:30

மெசேஜ் வருவதே போதுமான எச்சரிக்கை.


அடுக்குமல்லி | வியாழன், காலை 11:15

யாரும் அமுக்கவில்லை, நாங்கள் எல்லாரும் ராத்திரி தூங்காமல் படித்தோம். 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து அறிவிப்பு வந்தது, ஈயம், பாஸ்பேட், கொஞ்சம் செம்பு கலந்த பொருள். ஆகஸ்ட் முடிவதற்குள் விஷயம் வெளுத்துவிட்டது. தயாரிக்கும்போது அசுத்தமாகச் சேர்கிற செம்பு சல்ஃபைடு 104 டிகிரி செல்சியஸ் பக்கம் உருமாறுகிறது, அப்போது மின்தடை சட்டென்று விழுகிறது. விழுந்ததைப் பூஜ்யம் என்று படித்துவிட்டார்கள். மிதந்ததும் முழுசாக மிதக்கவில்லை, ஒரு முனை தரையில் ஊன்றியிருந்தது. சாதாரணக் காந்தத்தன்மை போதும் அதற்கு.

வழிப்போக்கன் அண்ணா, மீக்கடத்தி என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். நாலு முனை வைத்து அளந்த மின்தடை கருவியின் இரைச்சலுக்குக் கீழே போயிற்றா? குளிரும்போது காந்தப்புலத்தை உள்ளிருந்து வெளியே தள்ளியதா? இரண்டாவது 1933-லிருந்து இருக்கிற சோதனை, மைஸ்னர் விளைவு. பங்கு விலை மூன்றாவது கேள்வியில்கூட வராது.


கெடிலக்கரை | வியாழன், இரவு 9:20

நேற்று ராத்திரி மருமகன் வந்தான். (பழைய டவுன், உங்கள் ஜோசியம் பொய்.) செல்லோ டேப் எடுத்து, தகட்டிலிருந்து கழற்றிய கட்டை மேல் ஒட்டி உரித்தான். டேப்பில் சாம்பல் கண்ணாடி மாதிரி ஒரு பொட்டு. டேப்பை மடித்து ஒட்டிப் பிரித்தான், இரண்டு பொட்டு. மறுபடி, நாலு. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தூசி தெரிகிறது, அவ்வளவுதான். "இப்படித்தான் மாமா 2004-ல் கிராஃபீன் எடுத்தாங்க, 2010-ல நோபல்" என்றான். டேப் என் கடை டேப், பரிசில் பங்கு கேட்டிருக்கிறேன்.

இந்த உரிந்த இடைவெளியில் எதையாவது சொருகினால் என்ன ஆகும்? ஏசி காயிலில் ஃபின்களுக்கு நடுவில் தூசி போனால் குணமே மாறிவிடும், அதனால் கேட்கிறேன்.


அடுக்குமல்லி | வியாழன், இரவு 10:48

முதலில் கையைக் கழுவுங்கள். டெல்லூரியம் கொஞ்சம் உடம்புக்குள் போனாலும் வாயில் பூண்டு நாற்றம் வரும், நாள் கணக்கில் போகாது. விளையாட்டில்லை.

என் மூன்று வருஷ ஆராய்ச்சியை ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். அந்த இடைவெளியில் செம்பு சொருகினால் மீக்கடத்தி வரும். டெல்லுரைடின் தங்கச்சி பிஸ்மத் செலினைடில், 2010-ல் பிரின்ஸ்டனில் செய்தார்கள், 3.8 கெல்வின். பிறகு ஸ்ட்ரான்சியம் சொருகியும் 3 கெல்வின் பக்கம் கிடைத்தது. உங்கள் டெல்லுரைடையே 30,000 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தினால் அதுவும் 3 கெல்வின் பக்கம் மீக்கடத்தியாகிறது.

செய்முறை கேட்க எளிது. பிஸ்மத், செலினியம், செம்பு மூன்றையும் எடை பார்த்துக் குவார்ட்ஸ் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி வாயை உருக்கி மூட வேண்டும். (குழாய் உலைக்குள் வெடித்தால் அழுகின முள்ளங்கி நாற்றம் அடிக்கும், அது செலினியம். ஒரு தடவை வாங்கினவர் மறக்க மாட்டார்.) 850 டிகிரிக்கு ஏற்றி, சில நாள் மெதுவாக 620 வரை இறக்கி, அங்கே நிறுத்தி, இடுக்கியால் சிவந்த குழாயை இழுத்துத் தண்ணீர் வாளியில் போட வேண்டும். இதற்குப் பெயர் குவென்ச்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. என் குழாய் 620-ல் நிற்கிறது. ஞாயிறு காலை இழுக்கலாம் என்று விட்டுவிட்டு விடுதிக்குப் போனேன். அன்று இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மின்சாரம் போயிற்று. விடுதி வாசலில் முட்டளவு தண்ணீர். உலை தானாக ஆறிவிட்டது. செவ்வாய்க்கிழமைதான் ஆய்வகத்துக்குள் நுழைய முடிந்தது.

குழாயை உடைத்தேன். அவ்வளவு அழகான படிகம் அதுவரை வந்ததில்லை. விரல் நகம் அகலத்துக்குக் கண்ணாடி, முகம் தெரிந்தது. வாளியில் போட்டு எடுத்தவை எல்லாம் விரிசலும் கறையுமாக இருக்கும். கைடிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு "அளந்துட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னார்.

வேறு ஊரில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பி 2 கெல்வின் வரை மின்தடையை அளந்தோம். ஒன்றுமே இல்லை. கோடு சமமாகப் போய்ச் சமமாகவே முடிந்தது. பழைய விரிசல் விழுந்த துண்டு 3.6-ல் சரிந்திருந்தது.

செம்பு அந்த இடைவெளியில் பரவி உட்கார்ந்திருப்பது அதிகச் சூட்டில்தான். மெதுவாக ஆறவிட்டால் ஒதுங்கி வேறு சேர்மமாகப் போய்விடுகிறது. 560-க்கு மேலிருந்து சட்டென்று குளிர்த்தால் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்கிறது. இது பிறகு படித்தபோது தெரிந்தது, 2015-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் ஒரு புயலும் ஒரு வருஷமும் செலவழித்துத் தெரிந்துகொண்டேன்.


வெள்ளிக்கடற்கரை | வியாழன், இரவு 11:20

குவென்ச் என்ற சொல்லைப் பார்த்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். எம்ஆர்ஐ-யில் குவென்ச் என்றால் சுருள் மீக்கடத்தலை இழந்து, ஹீலியம் முழுக்கக் கொதித்து எழுநூறு மடங்கு விரிந்து, கூரைக் குழாய் வழியாக வெளியே சீறுவது. நீங்கள் மீக்கடத்தல் வருவதற்காக வேண்டுமென்றே குவென்ச் பண்ணுகிறீர்களா! ஒரே சொல், நேர் எதிர் வேலை.


பழைய_டவுன் | வெள்ளி, காலை 6:45

தங்கச்சி, மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரு சந்தேகம். அப்படியே 3.6-ல் சரிந்தாலும் அது டோபாலஜிக்கல் மீக்கடத்தி, அதாவது முறுக்கும் மீக்கடத்தலும் சேர்ந்தது என்று எப்படித் தெரியும்? சாதாரண மீக்கடத்தியாகவும் இருக்கலாமே?


அடுக்குமல்லி | வெள்ளி, மதியம் 12:30

வயிற்றில் அடிக்கிற கேள்வி. தேர்வுக் குழுவுக்கு உங்களை அனுப்பக்கூடாது.

செம்பு கலந்த செலினைடில் 2011-ல் ஒசாகாவில் புள்ளித் தொடர்பு அளவீட்டில் பூஜ்ய மின்னழுத்தத்தில் ஒரு முகடு பார்த்தார்கள், டோபாலஜிக்கு அறிகுறி என்றார்கள். 2013-ல் வேறொரு குழு ஊசிமுனை நுண்ணோக்கியில் பார்த்துச் சாதாரண மீக்கடத்தியின் ஆற்றல் இடைவெளிதான் தெரிகிறது என்றது. அடித்துக்கொண்டார்கள்.

பிறகு 2016-ல் ஜப்பானில் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வைத்துப் பார்த்ததுதான் எனக்குப் பிடித்தது. இந்தப் படிகத்துக்கு மும்மடிச் சமச்சீர். ஒரு முக்காலியை நினைத்துக்கொள்ளுங்கள், 120 டிகிரி திருப்பினால் திருப்பியதே தெரியாது. மீக்கடத்தலும் அதற்கு அடங்கித்தான் நடக்க வேண்டும். ஆனால் காந்தப்புலத்தை அடுக்கின் தளத்திலேயே சுற்றினால் 180 டிகிரிக்கு ஒரு தடவைதான் பழைய நிலை திரும்புகிறது. மூன்று திசையும் சமமாக இருக்க, எலக்ட்ரான் ஜோடிகள் ஏதோ ஒரு திசையைப் பிடித்துக்கொள்கின்றன. சாதாரண மீக்கடத்தி இப்படிச் செய்யாது. ஸ்ட்ரான்சியம் கலந்ததிலும் இதே கதை வந்தது. என் சொந்தக் கணிப்பு, இதுவரை வந்ததில் வலுவான சாட்சி இதுதான்.

மஜோரானா (தனக்குத் தானே எதிர்த்துகளாக நிற்கிற துகள்), குவாண்டம் கணினி என்று வருகிற பரபரப்புச் செய்திகளை நான் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன். 2018-ல் நானோகம்பியில் பார்த்ததாக வந்த பெரிய கட்டுரையை 2021-ல் திரும்பப் பெற்றார்கள். ஆனால் இரும்பு, டெல்லூரியம், செலினியம் சேர்ந்த அடுக்குப் படிகம் ஒன்று இருக்கிறது, 14.5 கெல்வின், மேல்தோலில் டோபாலஜி நிலையும் நேரடியாகத் தெரிகிறது. எதையும் சொருக வேண்டாம். பொறாமையாக இருக்கிறது.


பழைய_டவுன் | வெள்ளி, இரவு 7:55

ககோமே என்று ஒன்று சொல்கிறார்களே, கூடை மாதிரி? எங்கள் வீட்டுப் பிரம்பு நாற்காலிப் பின்னல் அதுதானா?


சுண்ணாம்பாறு | வெள்ளி, இரவு 8:30

நாற்காலிப் பின்னலைப் போய்ப் பாருங்கள், கண் எட்டு மூலை. ககோமேக்கு ஆறு மூலை வேண்டும். கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தைப் பாருங்கள், மூங்கில் பட்டை மூன்று திசையில் ஓடி ஆறு மூலைக் கண்ணும், சுற்றி முக்கோணங்களுமாக இருக்கும். அதுதான். ஜப்பானிய மொழியில் ககோ கூடை, மே கண். நீங்கள் வலைக்கண் என்கிறீர்களே, அதே வழக்கம்.


அடுக்குமல்லி | வெள்ளி, இரவு 9:12

பஞ்சாரம்! இவ்வளவு நாள் எனக்குத் தோன்றவே இல்லை, ஆயா வீட்டில் மூன்று இருந்தன.

அந்த ஆறு மூலைக் கண்ணைச் சுற்றி ஆறு முடிச்சு. எலக்ட்ரான் அலை அவற்றில் கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என்று மாறி மாறி நிற்கிறது என்று வையுங்கள். வெளியே ஒட்டி இருக்கிற எந்த முடிச்சை எடுத்தாலும் அது இந்தக் கண்ணின் இரண்டு முடிச்சுக்கு அண்டை வீடு, ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல். அஞ்சு ரூபாய் வரவு, அஞ்சு ரூபாய் செலவு, கையில் பூஜ்யம். எலக்ட்ரான் வெளியே கால் வைக்க முடியாமல் அந்தக் கண்ணுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. கோழி மாதிரியே. யாரும் அடைக்கவில்லை, பின்னலின் வடிவமே அடைக்கிறது.

2019-ல் வந்த ஒரு படிகக் குடும்பத்தில் வனேடியம் அணுக்கள் இந்தப் பின்னலில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்குச் சீசியம் 1, வனேடியம் 3, ஆன்டிமனி 5. 94 கெல்வினில் எலக்ட்ரான்கள் தாமாக அணிவகுத்து அலையாக நிற்கும், 2.5 கெல்வினில் மீக்கடத்தல். நடுவில், காலத்தை முன்னும் பின்னும் ஓட்டினாலும் ஒன்றுபோல இருக்கிற சமச்சீர் உடைகிறது என்று சிலர் அளந்தார்கள், வேறு சிலர் அப்படி ஒன்றும் இல்லை என்று அளந்தார்கள். நிஜப் படிகத்தில் மாட்டிக்கொண்ட கோழிகளைவிட, பட்டையின் சேணம் போன்ற வளைவில் நிற்கிற எலக்ட்ரான்கள்தான் முக்கிய வேலை பார்க்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சார் பிடித்துக்கொள்வார்.


சுண்ணாம்பாறு | வெள்ளி, இரவு 9:40

பிடிக்கத்தான் இருந்தேன்.


கெடிலக்கரை | சனி, காலை 10:05

இரண்டு நாளாகக் கடையில் வேலை ஓடவில்லை, இதையே யோசிக்கிறேன். அடுக்குமல்லி ம்மா, உங்கள் உலை எத்தனை கிலோவாட்? கரண்ட் போனால் 620-லிருந்து 560-க்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?


அடுக்குமல்லி | சனி, காலை 10:40

3 கிலோவாட் அண்ணே. மூடியைத் திறக்காமல் விட்டால் பத்து, பன்னிரண்டு நிமிஷம் தாங்கும். இன்வெர்ட்டர் போடலாமா என்று கேட்டு ஆய்வகத்தில் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று.


கெடிலக்கரை | சனி, காலை 11:02

3 கிலோவாட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டரை நினைக்காதீர்கள், பேட்டரிக்கே காசு கரையும். உலை ஆறட்டும். கரண்ட் போனது உங்களுக்கு உடனே தெரிந்தால் போதும். ஒரு 230 வோல்ட் ரிலே, ஒரு பழைய பட்டன் போன். மெயின்ஸ் போனதும் ரிலே விடும், போனில் ஸ்பீட் டயல் அமுங்கும், உங்களுக்கு மணி அடிக்கும். ஐஸ் பாக்டரிக்கு இதே மாதிரி நாலு கட்டிக் கொடுத்திருக்கிறேன். விடுதியிலிருந்து எவ்வளவு தூரம்?


அடுக்குமல்லி | சனி, காலை 11:10

சைக்கிளில் ஆறு நிமிஷம். புயல் இல்லாவிட்டால்.


கெடிலக்கரை | சனி, காலை 11:14

அப்போ போதும். ஞாயிற்றுக்கிழமை மருமகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், மாட்டிக் கொடுத்துவிடலாம். அடுத்த குழாயை எப்போது இழுக்கிறீர்கள்? வாளியில் போடுவதைப் பார்க்க வேண்டுமாம் அவனுக்கு. எனக்கும்தான்.


அடுக்குமல்லி | சனி, காலை 11:30

புதன் காலை ஆறு மணி. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். கண்ணாடி நான் தருகிறேன்.